கோபக்காரிக்கு ஒரு குறைச் சான்றிதழ்

அளவெடுக்கும் தொழிலில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். குண்டானவர், ஒல்லியானவர், ஒரு தோள் சரிந்தவர், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தொப்பையே இல்லாததுபோல் நிற்பவர் என்று எல்லோரையும் அளந்திருக்கிறேன். அளவெடுப்பதற்கு முன்னால், “நீங்கள் நல்லவர்தானா?” என்று யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் கடையை மூட வேண்டியதுதான். ஆனால் அப்படிக் கேட்டுவிட்டு, பதில் பிடித்திருந்தால் மட்டுமே அளவெடுக்கிற இடம் ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது. அதற்குப் புரத அளவீட்டு மைய நிலையம் என்று பெயர். அங்கே நான் ஏழு நாள் அலைந்தேன்.

தையல்காரனுக்குப் புரதத்தோடு என்ன சகவாசம் என்று கேட்பீர்கள். என் மனைவி புரத ஆராய்ச்சி செய்கிறவள். அமிலம் பட்டுக் கை ஓட்டையான ஆய்வகக் கோட்டைத் தைக்கக் கொண்டுவந்தவள்தான். நான் ஓட்டையைத் தைத்தேன், அவள் மறுபடி ஓட்டை போட்டுக்கொண்டு வந்தாள், நாலாவது ஓட்டையில் இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள். ஐந்து வருடமாக ஒரே ஒரு புரதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். கொஞ்சம் சூடு பட்டால் போதும், அது கட்டி தட்டி, கலங்கி, ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும். அதனால் அதற்குக் கோபக்காரி என்று செல்லப்பெயர். எங்கள் வீட்டில் அந்தப் பெயருக்குப் போட்டி உண்டு என்பதை நான் இங்கே சொல்ல மாட்டேன். அவள் இதைப் படிப்பாள்.

ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டாள். தேர்வாளர் ஒரே ஒரு படம் கேட்டார். புரதம் என்பது நீளமான நூல் மாதிரியாம். அது தனக்குள்ளேயே சுருண்டு மடிந்து ஒரு வடிவத்துக்கு வந்தால்தான் வேலை செய்யுமாம். கோபக்காரி சரியாக மடிந்திருக்கிறாள் என்பதற்குப் படம் வேண்டும். ஒன்பது நாளில் படம் வராவிட்டால் பதிவு ரத்து, ஐந்து வருடமும் தண்ணீரில் எழுதிய எழுத்து. படம் எடுக்கும் கருவி அந்த மைய நிலையத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஏழு மாதம் காத்திருந்து முறை வாங்கினாள். முறை வந்த அதே வாரத்தில் டாக்டர் அவளைப் படுக்கச் சொல்லிவிட்டார். வயிற்றில் ஏழாவது மாதம். படி இறங்கக் கூடாது, பஸ் ஏறக் கூடாது, குலுங்கக் கூடாது, சிரித்தாலும் மெதுவாகச் சிரிக்க வேண்டும்.

ஆகவே பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பினேன். கிளம்புவதற்கு முன்னால் கட்டிலில் படுத்தபடியே எனக்கு வகுப்பு எடுத்தாள்.

“நீல நூல் கட்டின குப்பியில புரதம். முப்பது சொட்டு இருக்கு. ஐஸ்ல எட்டு நாள் தாங்கும். வெள்ளை நூல் கட்டின புட்டியில அதே உப்புத் தண்ணி, புரதம் இல்லாம. ரெண்டையும் அளக்கச் சொல்லுங்க.”

“தண்ணியை எதுக்கு அளக்கணும்?”

“ஒருத்தர் ஸ்வெட்டர் போட்டுட்டு அளவு கொடுக்க வந்தா என்ன செய்வீங்க?”

“கழட்டச் சொல்வேன்.”

“கழட்ட முடியாதுன்னா?”

“ஸ்வெட்டர் எவ்வளவு தடிமன்னு பார்த்து அதைக் கழிச்சிடுவேன்.”

“அவ்வளவுதான். அந்தத் தண்ணிதான் என் புரதத்தோட ஸ்வெட்டர். அதுவும் இல்லாம அந்த மெஷின் போடுற கோடு எப்பவும் ஒரு பக்கமா சாயும்னு சொல்றாங்க. தண்ணியோட கோட்டைக் கழிச்சாத்தான் சாய்வு போய்ப் புரதம் தெரியும். இன்னொண்ணு, பன்னிரண்டு சொட்டு இருந்தாத்தான் அங்க இருக்கிற சின்னக் கண்ணாடிப் பெட்டி நிறையும். அதுக்குக் கீழ குறைஞ்சா எல்லாம் போச்சு.”

எனக்கு எல்லாம் புரிந்தது. துணி போதாமல் போவது எவ்வளவு பெரிய துக்கம் என்று தையல்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிலையத்தின் முகப்பில் ஒரு எழுத்தர் இருந்தார். மூக்குக்கண்ணாடியை எப்போதும் நெற்றியிலேயே வைத்திருப்பார். கண்ணுக்கு இறக்கி நான் பார்த்ததில்லை. படிக்க வேண்டிய காகிதத்தைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பார். மனதுக்குள் அவருக்கு நெற்றிக்கண்ணாடி என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

“ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு மாதிரிதான்,” என்றார்.

“சார், இது ரெண்டும் ஜோடி. ஒண்ணுல புரதம் இருக்கு, இன்னொண்ணுல இல்ல.”

“இல்லாததுக்கு எதுக்கு இங்க வந்தீங்க?”

“கழிக்கிறதுக்கு.”

“இங்க யாரும் எதையும் கழிக்கிறதில்ல. இருபத்தோரு வருஷமா இதே மேஜையில உட்கார்ந்திருக்கேன். இப்படித் தண்ணியைத் தூக்கிட்டு வந்தவங்க எத்தனையோ பேர். எல்லாரையும் வாசல்ல இருக்கிற செடிக்கு ஊத்தச் சொல்லிட்டேன். போய்ப் பாருங்க, எப்படி வளர்ந்து நிக்குதுன்னு.”

எட்டிப் பார்த்தேன். தொட்டியில் வைத்த செடி, கூரையை முட்டி, வளைந்து, திரும்பக் கீழே வந்துகொண்டிருந்தது. இருபத்தோரு வருட ஆராய்ச்சியாளர்களின் தண்ணீர் அது.

என் மனைவியின் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. “அப்ப ரெண்டு விண்ணப்பம் கொடுங்க,” என்றேன். விதியில் அதற்குத் தடை இல்லை. நெற்றிக்கண்ணாடி விதிப்புத்தகத்தைத் தூரத்தில் பிடித்து மூன்று முறை தேடிவிட்டு, வேண்டா வெறுப்பாக இரண்டு படிவங்களை நீட்டினார்.

படிவம் பதினாறு பக்கம். புரதத்தின் பெயர், பூர்விகம், சுபாவம், இதற்கு முன் எங்காவது உருக்குலைந்ததுண்டா, உண்டெனில் வருந்தியதா, காப்பாளர் கையொப்பம். எந்தக் கட்டத்தையும் நிரப்பாமல் விடக் கூடாது. முதல் படிவத்தில் கோபக்காரி என்று எழுதினேன். இரண்டாவதில் என்ன எழுதுவது? கோபமே வராத பிறவி என்பதால் சாது என்று எழுதினேன். பூர்விகம் என்ற இடத்தில் ‘குழாய்’ என்று உண்மையை எழுதினேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

“கோப்புக்கு மூணு பிரதி,” என்றார் நெற்றிக்கண்ணாடி.

“நகல் எடுத்துட்டு வரட்டுமா?”

“படிவத்துக்கு இல்லங்க, புரதத்துக்கு.”

நான் தடுப்பதற்குள் கோபக்காரியிலிருந்து ஒரு சொட்டை எடுத்து ஒரு காகிதத்தில் விட்டு, ஊதிக் காயவைத்து, கறையின் மேல் முத்திரை குத்தினார். இப்படி மூன்று காகிதம். அடுத்த அறைக்குப் போனால் அங்கே அவர்களுடைய கோப்புக்கு இன்னொரு மூன்று. இருபத்து நாலு சொட்டு மிச்சம். அலமாரிகளைப் பார்த்தேன். உலகத்துப் புரதமெல்லாம் மஞ்சள் கறையாகக் காய்ந்து, எண் போட்டு, வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

அந்த அடுத்த அறைக்குப் பெயர் நன்னடத்தைப் பிரிவு. சுவரில் பெரிய எழுத்தில் மூன்று கொள்கைகள்: கட்டி தட்டாமை, உருகாமை, படியாமை. இந்த மூன்றிலும் தேறிய புரதத்துக்குத்தான் திருகொளி அறையில் அனுமதி. திருகொளிக் கருவிதான் எங்களுக்கு வேண்டியது. இடப்பக்கம் திருகிய வெளிச்சத்தையும் வலப்பக்கம் திருகிய வெளிச்சத்தையும் மாற்றி மாற்றி அது புரதத்தின் வழியே அனுப்பும். ஒழுங்காகச் சுருண்டு மடிந்த புரதம் ஒன்றைவிட இன்னொன்றைக் கொஞ்சம் அதிகமாகக் குடிக்குமாம். அந்த வித்தியாசம் கோடாக வரும். அந்தக் கோடுதான் படம்.

நன்னடத்தை அதிகாரி உயரமானவர், சட்டை அளவு நாற்பத்திரண்டு, போட்டிருந்ததோ நாற்பது. மூன்று நாள் கோபக்காரியைச் சோதித்தார். முதல் நாள் அவள் மேல் ஒளியைப் பாய்ச்சினார். கட்டி தட்டியிருந்தால் ஒளி சிதறும். கொஞ்சம் சிதறியது. இரண்டாம் நாள் சூடு. டிகிரி டிகிரியாக ஏற்றினார். நாற்பத்து மூன்றில் கோபக்காரி மடிப்புக் கலைந்து உருகிப்போனாள். மூன்றாம் நாள் நிமிடத்துக்கு அறுபதாயிரம் சுற்று சுற்றினார்கள். அடியில் போய்ப் படிந்தாள். யாராக இருந்தாலும் படியத்தான் செய்வார்கள். இந்தச் சோதனைகளுக்கு மூன்றும் மூன்றும் நாலுமாகப் பத்து சொட்டு காலி. மிச்சம் பதினாலு.

“உருகுது, படியுது, கூட்டம் சேருது,” என்றார் அதிகாரி. “என்னங்க வளர்ப்பு இது?”

“சார், கிளம்பும்போதே என் மனைவி சொன்னா, நல்லா மடிஞ்ச புரதம்னா ஒரு சூட்டுல பளிச்சுனு உருகணுமாம். எந்தச் சூட்டுல உருகுதுன்னு பார்க்கத்தான் இந்த மெஷினே இருக்காம். நாப்பத்து மூணுன்னா பாஸ்னு சொன்னா.”

“உருகுறதைப் போய்ப் பெருமையா சொல்றீங்களே. உருகுறதுக்கா நாங்க இங்க உட்கார்ந்திருக்கோம்? என்னையே எடுத்துக்குங்க. முப்பது வருஷ சேவை. எத்தனை பேர் இந்த நாற்காலியில உட்கார்ந்து அழுதிருக்காங்க. ஒருத்தருக்காவது உருகியிருப்பேனா?”

இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. கோபக்காரியின் படிவத்தில் ‘நடத்தை திருப்தியில்லை’ என்று எழுதினார். திருகொளி அறைக் கதவு எங்களுக்கு மூடியது.

என்ன செய்வதென்று தெரியாமல் நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? “வரிசையில இருக்கோம்மா, வரிசை நகருது” என்று மூன்று நாளும் பொய் சொல்லியிருந்தேன். அப்போது உள்ளே ஏதோ பரபரப்பு. நன்னடத்தை அதிகாரி ஓடிவந்தார்.

“சாதுவோட காப்பாளர் நீங்கதானே?”

“ஆமா.”

“உள்ள வாங்க. உட்காருங்க. இந்த நாற்காலி வேணாம், அந்த நல்ல நாற்காலி.”

விஷயம் இதுதான். முறைப்படி சாதுவையும் சோதித்திருக்கிறார்கள். ஒளியைப் பாய்ச்சினால் சிதறல் இல்லை. கட்டியென்று சொல்ல ஒரு துரும்பு இல்லை. சூடேற்றினால் நாற்பத்து மூன்றிலும் உருகவில்லை, எழுபதிலும் உருகவில்லை, தொண்ணூற்றைந்து டிகிரியில் கருவியே வேர்த்து நின்றபோதும் சாது அப்படியே இருந்தது. அறுபதாயிரம் சுற்றில் ஒரு மத்தியானம் முழுவதும் சுற்றியும் அடியில் எதுவும் படியவில்லை.

“சார்,” என்றேன், “அது தண்ணி.”

“அடக்கம் வேணும்தான். அதுக்காக இவ்வளவு கூடாது.”

“நெஜமாத்தான் சார். உப்புத் தண்ணி. புரதமே இல்ல.”

“தண்ணி மாதிரித் தெளிவா இருக்குன்னு சொல்றார்,” என்று உதவியாளரிடம் சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

இயக்குநரே இறங்கிவந்தார். மேல்மாடியிலிருந்து அவர் இறங்கி நாலு வருடம் ஆகிறதாம், மின்தூக்கிக்கே அவரை அடையாளம் தெரியவில்லை போல, இரண்டு முறை கதவை மூடித் திறந்தது. சாதுவின் புட்டியை இரண்டு கையாலும் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“முப்பத்தஞ்சு வருஷமா நான் தேடினது இதைத்தான்,” என்றார். “வர்ற புரதமெல்லாம் ஏதாவது செய்யுது. ஒண்ணு உருகுது, ஒண்ணு ஒட்டுது, ஒண்ணு உடையுது. எதுவுமே செய்யாத ஒரு புரதத்தை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். நம்ம நிலையத்தோட லட்சியமே அதுதானே.”

“ஆமாங்க ஐயா,” என்றார் அதிகாரி. “நாமளும் அப்படித்தானே இருக்கோம்.”

சாதுவைத் திருகொளி அறைக்குள் அழைத்துப் போனார்கள். முன்னால் இயக்குநர், பின்னால் அதிகாரி, கடைசியில் பனிக்கட்டிப் பெட்டியோடு நான். பெட்டிக்குள் கோபக்காரி, உள்ளே வர அனுமதி இல்லாத கோபக்காரி, பேசாமல் இருந்தாள். கருவிக்கு முன்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறை குளிரும் என்பதால் சால்வை போர்த்தியிருந்தார். சாதுவைக் கண்ணாடிப் பெட்டியில் நிரப்பிக் கருவியை ஓட்டினார். திரையில் ஒரு கோடு மெல்ல வந்தது. மேடு இல்லை, பள்ளம் இல்லை, இடப்பக்கமாக லேசாகச் சாய்ந்த நேர்கோடு.

சால்வையம்மா கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புட்டியைப் பார்த்தார். “சார், இது வந்து...”

“பேசாதீங்க,” என்றார் இயக்குநர். “ரசிங்க. இவ்வளவு நேரான குணத்தை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?”

“லேசா சாய்வு தெரியுதுங்களே ஐயா,” என்றார் அதிகாரி தயங்கி.

“அது பணிவு.”

நாலாம் நாள் விழா. பூச்செண்டு, புகைப்படம், நீளமான துணியில் சாதுவின் பெயர். அந்தத் துணியின் ஓரம் அடிக்காமல் பிசிர் தொங்கியது, அது வேறு எனக்குக் கஷ்டமாக இருந்தது. கண்ணாடிப் பேழையில், சிவப்பு மெத்தைமேல், தனி விளக்கு போட்டு சாதுவை வைத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள்.

“இது தண்ணிங்க,” என்றேன். “எங்க வீட்டுச் சமையலறைக் குழாய்ல பிடிச்சு, சுத்தம் பண்ணி, என் மனைவி உப்புப் போட்டது.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. இவ்வளவு எளிய குடும்பத்திலிருந்து வந்திருக்கிறதே என்று முன்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“தோழர்களே, ஒரு நிறுவனத்தோட பெருமை அது என்ன கண்டுபிடிச்சதுங்கிறதுல இல்ல. எதைக் கண்டும் கலங்காம இருந்ததுங்கிறதுல இருக்கு. இன்னையிலிருந்து சாதுதான் நம்ம முன்மாதிரி. இனிமே இங்க வர்ற ஒவ்வொரு புரதத்தோட கோட்டிலிருந்தும் சாதுவோட கோட்டைக் கழிப்போம். மிச்சம் என்ன வருதோ அதுதான் அந்தப் புரதத்தோட குறை. அந்தக் குறையைப் படமாப் போட்டு, முத்திரை குத்தி, கையில கொடுத்து அனுப்புவோம். வெட்கப்படட்டும்.”

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் நான் கதவு கதவாகக் கெஞ்சினேன். சாதுவின் காப்பாளர் என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். கோபக்காரியின் பெயரை எடுத்தால் உட்கார்ந்துவிட்டார்கள். “நல்ல பிள்ளையும் அதே வீட்டுல, அதுவும் அதே வீட்டுல,” என்று அதிகாரி அனுதாபப்பட்டார். “ஒரு மரத்துக் கனி எல்லாமா ஒண்ணா இருக்கு?”

ஆறாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். நன்னடத்தை திருப்தியில்லை என்பதைச் சொன்னேன், பதினாலு சொட்டுதான் மிச்சம் என்பதைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, “அஞ்சு வருஷம்,” என்று மட்டும் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவளும் அழுவாள், அழுதால் குலுங்குவாள், குலுங்கக் கூடாது. அதனால் பேச்சை மாற்றுவதற்காகச் சாது விழாவைச் சொன்னேன், பேழையைச் சொன்னேன், புது உத்தரவைச் சொன்னேன்.

“ஒரு நிமிஷம் இருங்க,” என்றாள். “எதிலிருந்து எதைக் கழிக்கிறாங்க?”

“வர்ற புரதத்தோட கோட்டிலிருந்து சாதுவோட கோட்டை.”

“சாதுன்னா நம்ம வெள்ளை நூல் புட்டி?”

“அதேதான்.”

“கோபக்காரி கோட்டிலிருந்து, கோபக்காரியோட தண்ணிக் கோட்டைக் கழிச்சு, மிச்சத்தைப் படமாப் போட்டு, முத்திரை குத்தித் தர்றாங்களா?”

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் உறைத்தது. ஸ்வெட்டரைக் கழிக்கப் போகிறார்கள். டாக்டர் சொன்னதை மறந்து அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“காலையில முதல் பஸ் பிடிங்க. குறை கண்டுபிடிக்கச் சொல்லுங்க. எவ்வளவு குறை உண்டோ அவ்வளவையும், ஒண்ணு விடாம.”

ஏழாம் நாள் நெற்றிக்கண்ணாடியின் முன் போய் நின்று, “கோபக்காரிக்குக் குறைச் சான்றிதழ் வேணும்,” என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் கை கண்ணாடியை நோக்கிப் போனது, பாதி வழியில் நின்றது. தானாக வந்து குறை கேட்கிறவரை அவர் பார்த்ததில்லை.

“திருந்தணும்னு நினைக்கிறீங்க. நல்லது,” என்றார். “புதுக் கோப்பு திறக்கணும். மூணு சொட்டு.”

பதினாலில் மூன்று போனால் பதினொன்று. பன்னிரண்டு வேண்டும். தையல்காரன் வாழ்க்கையில் இந்த இடம் அடிக்கடி வரும். துணி ஒரு விரல் குறையும், வாடிக்கையாளர் எதிரில் நிற்பார், முகத்தில் ஒன்றும் காட்டாமல் உள்பக்கம் ஒட்டுப் போட வேண்டும். நான் பெட்டியின் மேல் குனிந்தேன். கோபக்காரியைத் தொடவில்லை. உருகிய பனிக்கட்டித் தண்ணீரில் மூன்று சொட்டு எடுத்து நீட்டினேன். அவர் ஊதிக் காயவைத்து, மூன்று இடத்தில் முத்திரை குத்தி, “புரதம் சரிபார்க்கப்பட்டது” என்று எழுதினார். ஏழு நாளாகத் தண்ணீரைத் தண்ணீர் என்று சொன்னேன், ஒருவர் நம்பவில்லை. தண்ணீரைப் புரதம் என்று கொடுத்ததும் உடனே நம்பினார்கள்.

திருகொளி அறையில் சால்வையம்மா தனியாக இருந்தார். கோபக்காரியைக் குப்பியிலிருந்து எடுத்தபோது அவர் கை குழந்தையைத் தூக்குகிற கை மாதிரி இருந்தது. பன்னிரண்டு சொட்டில் பெட்டி நிறைந்தது. மீதி இரண்டைத் திருப்பித் தந்தார். கருவியை ஒரு முறை ஓட்டினார், இரண்டாவது முறை ஓட்டினார், மூன்று, நாலு.

“எதுக்கும்மா நாலு தடவை?”

“குறையைத் தெளிவாப் பார்க்கணும்ல,” என்றார். பிறகு கதவைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “பதினஞ்சு வருஷமா இந்த அறையில இருக்கேன் தம்பி. யாராவது அந்தத் தண்ணியை வாசல் தாண்டி உள்ள கொண்டுவர மாட்டாங்களான்னு காத்திருந்தேன்.”

சாதுவின் கோட்டைக் கழித்தார். திரையில் இருந்த சாய்வு சட்டென்று நிமிர்ந்தது. அந்த இடத்தில் அழகாக, அடுத்தடுத்து இரண்டு பள்ளங்கள். எனக்கு எண்கள் தெரியாது. ஆனால் நல்ல மடிப்பு எது என்று தெரியும்.

நன்னடத்தை அதிகாரியும் இயக்குநரும் வந்து பார்த்தார்கள். அதிகாரி பேனாவால் பள்ளங்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். “இருநூற்றெட்டுல ஒரு குறை, இருநூற்று இருபத்திரண்டுல ஒரு குறை. ரெண்டும் ரொம்ப ஆழம் ஐயா.”

“மனசை விட்றாதீங்க,” என்றார் இயக்குநர் என் தோளில் கை வைத்து. “எல்லாராலயும் சாதுவாக முடியாது.”

சோகமாக முகத்தை வைத்துக்கொள்ள வேண்டுமே என்று, எனக்குத் தெரிந்த துக்கங்களை எல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். இரண்டு மாமாக்கள், ஒரு எரிந்துபோன தையல் மிஷின். எதுவும் உதவவில்லை. கடைசியில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து அதிகாரி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அதைப் பார்த்ததும் இன்னும் மோசமாகிவிட்டது.

வீட்டில் அவள் சான்றிதழை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். ‘மேற்படி புரதமானது இந்நிலையத்தின் முன்மாதிரியிலிருந்து இரண்டு இடங்களில் ஆழமாக வழுவியுள்ளது என இதனால் சான்றளிக்கப்படுகிறது.’ கீழே படம், பக்கத்தில் வட்ட முத்திரை.

“சுருள் சுருளா மடிஞ்ச புரதம்னா இந்த ரெண்டு இடத்துலதான் பள்ளம் விழணும்,” என்றாள். “அப்படியே விழுந்திருக்கு. நம்ம கோபக்காரி சரியா மடிஞ்சிருக்கா.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “மெதுவா, மெதுவா,” என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, இரண்டையும் மெதுவாகவே செய்தாள்.

எட்டாம் நாள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. தேர்வாளர் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தாராம்: அந்த நிலையத்திலிருந்து என் வாழ்நாளில் நான் பார்த்த முதல் சரியான படம்.

நாலு மாதம் கழிந்தது. மகள் பிறந்து, மடியில் கிடந்து உதைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு செல்லப்பெயர் வைத்தாயிற்று. இப்போது எங்கள் வீட்டில் அந்தப் பட்டத்துக்கு மும்முனைப் போட்டி. அன்றைக்கு இயக்குநரிடமிருந்து போன் வந்தது.

“சாது தீர்ந்துட்டு வருதுங்க,” என்றார். குரலில் பழைய கம்பீரம் இல்லை. “நாடு முழுக்கக் குறைச் சான்றிதழ் கேட்டு வரிசையில நிக்கிறாங்க. எல்லாருக்கும் குறை அற்புதமா வருது. ஏன்னுதான் தெரியல. சாதுவுக்குக் கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?”

நான் போனை மனைவியிடம் கொடுத்தேன்.

“ஒவ்வொரு புரதத்துக்கும் அதோட கூடப்பிறந்த சாது ஒண்ணு உண்டு சார்,” என்றாள் அவள். “வர்றவங்களையே கொண்டுவரச் சொல்லுங்க. முதல்ல சாதுவை அளந்துட்டு அப்புறம் புரதத்தை அளங்க. ஒண்ணே ஒண்ணு, வாசல்ல செடிக்கு ஊத்தச் சொல்லாதீங்க.”

அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம் கேட்டது.

“நல்ல முறையா இருக்கே. இதை யார் கண்டுபிடிச்சது?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, “நீங்கதான் சார்,” என்றாள்.

“அப்படித்தான் எனக்கும் ஞாபகம்,” என்றார் இயக்குநர்.

இப்போது அங்கே படிவத்தில் பதினேழாவது பக்கம் ஒன்று சேர்த்திருக்கிறார்கள்: சாது இணைக்கப்பட்டுள்ளதா? இல்லாமல் வருகிறவர்களை நெற்றிக்கண்ணாடி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறாராம். படங்களெல்லாம் ஒழுங்காக வருகின்றனவாம். வாசல் செடி மட்டும் வாடிவிட்டது என்று சால்வையம்மா சொன்னார்.